கிரில்லுக்கு எனாமல் அடித்த கதை

தேக்குக் கதவுக்கு லாக்கர் (மரத்துக்கான பளபளப்புப் பூச்சு) அடிக்க, விசிறிக் காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் இரண்டு ஸ்டேஜ் டர்பைன் ஸ்ப்ரேயர் வாங்கினேன். கதவு கண்ணாடி மாதிரி வந்தது. அதே மெஷினில் ஜன்னல் கிரில்லுக்கு எனாமல் ஊற்றினால் துளித்துளியாகத் துப்பியது. தின்னரைக் கூட்டினேன், பெயிண்ட் கம்பியில் வழிந்து இறங்கிவிட்டது.

மெஷினில் பழுது இல்லை, நான் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு. டர்பைனில் ஒரு ஸ்டேஜ் என்பது ஒரு விசிறி. விசிறி கூடக்கூடக் காற்றழுத்தம் கூடும். கெட்டியான பெயிண்டைப் பொடிப்பொடியாகச் சிதறடிக்க இரண்டு விசிறி போதாது. நண்பரிடம் நான்கு ஸ்டேஜ் மெஷினை இரவல் வாங்கினேன். லாக்கருக்கு 1.3 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனை) போதும், எனாமலுக்கு 1.8 மாட்டினேன். தின்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, விஸ்காசிட்டி கப்பில் (பெயிண்டின் கெட்டித்தன்மையை அளக்கும், அடியில் துளையுள்ள கிண்ணம்) பெயிண்ட் வடியும் நொடிகளை எண்ணிப் பார்த்த பிறகே ஸ்ப்ரே கன்னில் ஊற்றினேன். கிரில் வழவழவென்று வந்தது.

அப்புறம் இன்னொரு தொல்லை. டர்பைன் காற்று சூடாக வரும். சித்திரை வெயிலில் அடுத்த கதவின் லாக்கர் பரவுவதற்குள் காய்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. தேய்த்துவிட்டு, மெதுவாக உலரும் தின்னர் கலந்து, விடிகாலையில் அடித்தேன். சரியாகிவிட்டது.

லாக்கர் ஆவி சட்டென்று தீப்பற்றும். அதனால் மோட்டார் பெட்டியை அறைக்கு வெளியே வைத்து, ஹோஸை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம்; துணி மாஸ்க் உதவாது.

சுவர் எமல்ஷனை இந்த மெஷினில் அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ரோலரே வேகம்.