ஆண்களின் முதுமை குறித்த ஆய்வுகளை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது வயதைக் கடந்த ஆணின் உடல்நலம் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் எண்களில் பல, அமெரிக்காவின் பாஸ்டன் நகரையொட்டிய ஊர்களில் 1987-இல் தொடங்கிய ஒரே ஆய்விலிருந்து வந்தவை. மாசசூசெட்ஸ் ஆண் முதுமை ஆய்வு என்று பெயர்பெற்ற அதை முன்னின்று நடத்தியவர் மருத்துவர் அல்லர். ஜான் மெக்கின்லே என்னும் மருத்துவச் சமூகவியலாளர். நியூசிலாந்துக்காரரான அவர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவுக்குப் போனவர். ஒரு சமூகவியலாளர் ஏன் ஆண்களின் இரத்தத்தை எடுத்து ஹார்மோனை அளந்தார் என்ற கேள்வியை விட்டுவிட்டு, அவர் கண்டறிந்த எண்களை மட்டும் எடுத்துக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

அவற்றுள் மிகவும் பரவியது, “நாற்பதைத் தாண்டிய ஆண்களில் பாதிப்பேருக்கு ஆண்மைக்குறைவு” (அதாவது விறைப்புக் குறைபாடு) என்ற வாசகம். அந்த ஆய்விலிருந்து 1994-இல் வெளியான கட்டுரையில் 52 சதவீதம் என்ற எண் இருப்பது உண்மைதான். ஆனால் அது மூன்று தனித்தனி எண்களின் கூட்டுத்தொகை: லேசான குறைபாடு உடையோர் 17 சதவீதம், நடுத்தரக் குறைபாடு உடையோர் 25 சதவீதம், முழுமையாக இயலாமற் போனோர் 10 சதவீதம். “உங்களுக்கு ஆண்மைக்குறைவு உள்ளதா?” என்று யாரிடமும் கேட்டு இந்தப் பிரிவினை செய்யப்படவில்லை. பாலுறவு தொடர்பான பல கேள்விகளுக்கு ஆண்கள் அளித்த விடைகளை, சிறுநீரகவியல் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் விடைகளோடு ஒப்பிட்டு, ஒரு கணக்கியல் சூத்திரத்தின் வழியே அவரவர் எந்தப் பிரிவில் சேருவார் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். ஆய்வுக்கு அது நேர்மையான வழியே. ஆனால் அவ்வப்போது சிறு தடுமாற்றம் உள்ளவரும், பல ஆண்டுகளாக இயலாமல் இருப்பவரும் ஒரே எண்ணுக்குள் அடைபடும்போது, அந்த எண்ணைக் கேட்டுப் பயப்படுபவர் எதைக் கண்டு பயப்படுகிறார் என்பது அவருக்கே தெரியாமல் போகிறது. கட்டுரை வெளியான நான்காம் ஆண்டில், 1998 மார்ச் மாதம், இக்குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அந்த மாத்திரையின் புகழோடு சேர்ந்து 52 சதவீதமும் பரவியது.

அதே கட்டுரையில் இதைவிடப் பயனுள்ள செய்தி ஒன்று இருக்கிறது; அதை மேற்கோள் காட்டுவோர் குறைவு. வயது வேறுபாட்டைச் சரிசெய்த பிறகு, முழுமையாக இயலாமற்போகும் வாய்ப்பு, சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் 28 சதவீதமாகவும், இதய நோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் 39 சதவீதமாகவும் இருந்தது. ஆய்வில் இருந்தோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அது 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கூச்சத்தால் மறைக்கப்படும் ஒரு குறைபாடு இரத்தக்குழாய்களின் நிலையைப் பற்றியும் நமக்கு ஏதோ சொல்லக்கூடும் என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன. மருந்துக்கடையில் ஒரு மாத்திரையை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் வீடு திரும்பும் ஒருவர், இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்திருக்க வேண்டிய நாளைத் தவறவிடுகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்த தவறைப் புரிந்துகொள்ள, இரத்தம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஆய்வில் சேர்ந்த 1,709 ஆண்களின் வீடுகளுக்கே பயிற்சி பெற்ற பணியாளர்கள் சென்றார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் காலையில் கூடி மாலையில் குறையும் இயல்புடையது என்பதால், அந்த ஆண் தூங்கி எழுந்த நான்கு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுக்கப்பட்டது. அந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பதால், அரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டையும் ஒன்றாகக் கலந்து அளந்தார்கள். இவ்வளவு கவனம் தேவைப்படும் ஓர் அளவை, ஏதோ ஒரு நாள் மாலையில், ஒரே ஒரு பரிசோதனையில் தெரிந்துகொண்டு, “எனக்கு ஹார்மோன் குறைந்துவிட்டது” என்று முடிவுகட்டுவது கூடாது.

அளவைச் சரியாக எடுத்த பின்னும், அதை ஒப்பிடும் முறையில் தவறு நேரலாம். முதல் சுற்றில் நாற்பது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, மொத்த டெஸ்டோஸ்டிரோன் வயதில் ஓர் ஆண்டு கூடும்போது 0.8 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. 1995 முதல் 1997 வரை அதே ஆண்களைத் திரும்பவும் தேடிச்சென்று அளந்தபோது, ஒவ்வொருவருக்குள்ளும் அது ஆண்டுக்கு 1.6 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஆய்வு, ஒரே ஹார்மோன், இரண்டு மடங்கு வேறுபாடு! இதற்கு ஒரு காரணம் 2007-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையில் கிடைத்தது: 1980-களின் இறுதியில் அறுபது வயதில் இருந்தவரைவிட, 2000-த்துக்குப் பிறகு அறுபதை எட்டியவரிடம் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாகக் குறைவாக இருந்தது. அதாவது, ஒரே மனிதரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும்போது நாம் அவருடைய வயதை மட்டும் அளப்பதில்லை, அவர் வாழ்ந்த காலம் மாறியதையும் சேர்த்தே அளக்கிறோம். உடல் எடை, புகைப்பழக்கம் போன்ற காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வீழ்ச்சி முழுவதும் விளங்கவில்லை. ஆகவே ஒரு செய்தியில் “ஆண்டுக்கு இத்தனை சதவீதம்” என்று படித்தால், வெவ்வேறு வயதினரை ஒரே நாளில் ஒப்பிட்டார்களா, ஒரே மனிதர்களைத் தொடர்ந்தார்களா என்று பார்க்காமல் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

இங்கிருந்துதான் சமூகவியலாளரின் கண் எதற்குத் தேவை என்பது புலப்படுகிறது. குறைவு எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடுவதே இத்துறையின் அடிப்படைத் தவறு. அதே ஆண்களின் தரவுகளைக் கொண்டு 2007-இல் வந்த இன்னொரு கட்டுரை, பி.எம்.ஐ. என்னும் உடல் எடைக் குறியீடு நான்கைந்து புள்ளிகள் கூடுவதும், மனைவியை இழப்பதும், டெஸ்டோஸ்டிரோன் அளவில் ஏறத்தாழப் பத்தாண்டு மூப்புக்கு இணையான வீழ்ச்சியோடு சேர்ந்து வருவதைக் காட்டியது. மனைவியை இழப்பது! பரிசோதனைக்கூட அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. உணவு, உறக்கம், மருந்து, பேச்சுத்துணை என்று ஓர் ஆணின் அன்றாடத்தில் எத்தனை இழைகள் மனைவியின் கையில் இருக்கின்றன என்பதை, துணையை இழந்த தாத்தாக்களைக் கண்ட எந்தக் குடும்பமும் அறியும். ஆனால் குறைந்த எண்ணைக் கண்டவுடன் “வயசாயிடுச்சு” என்று சொல்லிவிட்டால், எடையைக் குறைக்கவும் தனிமையைப் போக்கவும் வழி தேடுவதை அப்போதே நிறுத்திவிடுகிறோம். நோயைத் தனி உடலுக்குள் மட்டும் தேடக் கூடாது என்பது மெக்கின்லே 1970-களிலிருந்தே வலியுறுத்திவந்த கருத்து. ஆற்றில் அடித்துவரப்படுவோரை ஒவ்வொருவராகக் கரையேற்றியே களைத்துப்போகும் மருத்துவர், ஆற்றின் மேல்பகுதியில் அவர்களைத் தள்ளிவிடுபவர் யார் என்று பார்க்க நேரமில்லாமல் தவிப்பதாக, சமூகவியலாளர் இர்விங் சோலா கூறிய கதையைத் தம் உரையில் எடுத்தாண்டு புகழ்பெறச் செய்தவர் அவர்.

“ஆண்களின் மாதவிடாய் நிறுத்தம்” என்ற சொல்லாட்சியையும் தவிர்க்க வேண்டும். பெண்ணின் சூலகம் ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடுகிறது; ஆணுக்கு அப்படியொரு நாள் வருவதில்லை, சராசரியில் மெல்லிய சரிவு மட்டுமே உண்டு. எட்டு ஐரோப்பிய நகரங்களில் 40 முதல் 79 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு, குறைந்த ஹார்மோனும் அதற்குரிய அறிகுறிகளும் சேர்ந்திருப்போர் 2.1 சதவீதத்தினரே என்று கண்டது. வயதால் மட்டும் குறைந்த டெஸ்டோஸ்டிரோனுக்கு மருந்து தருவதன் நன்மையும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரித்தது.

பாஸ்டன் பகுதி ஆண்களின் எண்ணை எல்லா ஆண்களுக்கும் பொருத்துவது மற்றொரு தவறு. 1,709 பேரில் மிகப்பெரும்பாலோர் வெள்ளையர்கள். அந்தக் குறையை நீக்கவே, 2002 முதல் 2005 வரை பாஸ்டன் நகரில் கறுப்பினத்தவரையும் ஹிஸ்பானியரையும் போதிய எண்ணிக்கையில் சேர்த்து, 30 முதல் 79 வயது வரையிலான 5,500 ஆண் பெண்களிடம் மெக்கின்லே குழு புதிய ஆய்வை நடத்தியது. விறைப்புக் குறைபாட்டில் இனத்துக்கு இனம் தெரிந்த வேறுபாடு, வருமானத்தையும் கல்வியையும் கணக்கில் கொண்டபோது மறைந்துபோனது. இனம் என்று எண்ணியது வறுமையாக இருந்தது. தமிழ் ஆண்களைப் பற்றிப் பேச பாஸ்டன் எண்ணை எடுப்பவர், அந்த ஊருக்குள்ளேயே அந்த எண் எல்லோருக்கும் பொருந்தவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியாக, மருத்துவமனைப் பதிவேட்டை நோயின் உண்மையான கணக்காகக் கொள்வது. மருத்துவர்களையே ஆராயும் பழக்கம் மெக்கின்லேக்கு இளமையிலேயே உண்டு. மகப்பேறு மருத்துவமனையில் பயன்படுத்தப்படும் மருத்துவச் சொற்கள் ஏழைப் பெண்களுக்கு எவ்வளவு புரிகின்றன என்று ஆராய்ந்து 1975-இல் அவர் எழுதியது, மருத்துவர்கள் நினைத்ததைவிட அந்தப் பெண்கள் கூடுதலாகவே புரிந்துகொண்டார்கள் என்பதை வெளிப்படுத்தியது. பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சேர்த்து 256 மருத்துவர்களுக்கு ஒரு காணொளி காட்டப்பட்டது. அதில் தேர்ந்த நடிகர்கள் இதய நோயின் அறிகுறிகளை ஒரே வசனத்தில் சொல்கிறார்கள். நோயாளியின் வயது 55 அல்லது 75, ஆண் அல்லது பெண், வெள்ளையர் அல்லது கறுப்பினத்தவர், துப்புரவுப் பணியாளர் அல்லது ஆசிரியர் என்பவை மட்டுமே மாறுகின்றன. இனமும் தொழிலும் மருத்துவரின் செயலை மாற்றவில்லை. ஆணா பெண்ணா என்பது மாற்றியது. பெண்களிடம் குறைவான கேள்விகள் கேட்கப்பட்டன, குறைவான பரிசோதனைகள் எழுதப்பட்டன, அதிலும் 55 வயதுப் பெண்ணிடமே மிகக் குறைவான கேள்விகள். ஆண்களின் இதய நோய் என்று நாம் கூட்டிவைத்திருக்கும் எண்ணிக்கையில், ஆணிடம் கூடுதலாகக் கேட்கப்பட்ட கேள்விகளின் பங்கும் இருக்கிறது.