கேற்றைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாய்ச் செலவுக் கணக்கு

நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து கிளிநொச்சிக்குத் தினமும் போய்வருகிறேன். காலை ஆறேகாலுக்குக் கேற்றைப் பூட்டினால் திரும்பி வந்து திறக்க மாலை ஆறு ஆகும், ஏ9 வீதியில் பஸ் பிந்தினால் ஏழும் ஆகும். அந்தப் பன்னிரண்டு மணித்தியாலமும் வளவில் இருப்பது வீமன் மட்டும்தான். நாலு வயது, பதினைந்து கிலோ, நம்முடைய ஊர் நாய்.

நாய்க்கு மாதம் எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் சாப்பாட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள். வீட்டில் ஆள் இருக்கிற குடும்பத்துக்கு அது சரியான கேள்வி. எங்களைப் போல வெளியே வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் செலவு சாப்பாடு இல்லை, நாங்கள் இல்லாத நேரம். ஆகவே கொப்பியை எடுத்து, முதல் வரியில் அரிசி விலையை எழுதாமல், நாய் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் தனியே இருக்கிறது என்பதை எழுதுங்கள். வீட்டுக்குள்ளேயோ மேல்மாடி வாடகை அறையிலோ அடைபட்டிருக்கும் வளர்ந்த நாய் என்றால் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் அடக்கிக்கொண்டு இருக்கச் சொல்வது கொடுமை. வளவு இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் தண்ணீர் கவிழ்ந்துவிடலாம், வெயில் சுற்றிவந்து நிழலைத் தின்றுவிடலாம், சங்கிலி மரத்தில் சுற்றிக்கொள்ளலாம், வேலியில் பொட்டு (ஓட்டை) விழலாம், நாய்க்கு வருத்தம் வரலாம். இதில் எதுவும் உங்களுக்கு மாலை ஆறு மணிவரை தெரியாது.

அதனால் என் கணக்கில் முதல் வரி, மத்தியானம் ஒருமுறை வந்து பார்க்கிற ஆளுக்கான காசு. பக்கத்து வளவு அக்கா பன்னிரண்டரை போல வருவா, தண்ணீரை ஊற்றி மாற்றுவா, பத்து நிமிடம் வீமனோடு கதைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பா, போகும்போது வைபரில் ஒரு படம் அனுப்புவா. ஒரு நாளைக்கு 200 ரூபாய், மாதத்தில் 22 வேலைநாள், 4,400 ரூபாய். முதலில் இதைச் சொன்னபோது அவவுக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன பிள்ளை, ஒரு சட்டி தண்ணி வைக்கிறதுக்கும் காசோ? நான் என்ன பிறத்தியாளோ?" என்றா. நான் விடவில்லை. சும்மா செய்துதரும் உதவியை ஒரு வாரம் கேட்கலாம், வருடக்கணக்காகக் கேட்க முடியாது. அவவுக்கு முழங்கால் நோகிற நாளில் வரமாட்டேன் என்று சொல்ல மனம் வராது, வரவில்லை என்று கேட்க எங்களுக்கும் வாய் வராது, நடுவில் நாய்தான் காய்ந்துகொண்டு கிடக்கும். "அக்கா, இது வீமன்ரை காசு, எனக்காகத் தரேல்லை" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். வர முடியாத நாளில் முதல்நாள் இரவே சொல்வது என்று பேசிக்கொண்டோம். அந்த நாளுக்கு இரண்டாவது ஆள் ஒருவரையும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பொறுப்பான பெடியன் என்றாலும் சரி, முன்கூட்டியே பேசி வையுங்கள்.

குட்டி வளர்க்க நினைத்தால் இந்த வரி இரட்டிக்கும். மூன்று மாதக் குட்டியால் மூன்று நாலு மணித்தியாலத்துக்கு மேல் அடக்க முடியாது, ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம் சாப்பிட வேண்டும். முழுநேர வேலை செய்கிற ஒருவர் தனியே இருந்தால், குட்டியை விட்டுவிட்டு ஒரு வயது தாண்டிய நாயை எடுங்கள் என்றுதான் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் வீடு தேடி நிற்கிற வளர்ந்த நாய்களுக்குப் பஞ்சம் இல்லை.

அப்புறம் சாப்பாடு. பதினைந்து கிலோ நாய்க்கு நான் ஒரு நாளுக்குப் போடுவது ஏறக்குறைய 120 கிராம் அரிசி (சமைக்க முதல்), 200 கிராம் மீன் அல்லது கோழி, ஒரு பிடி பூசணி அல்லது கரட். மாதத்துக்கு அரிசி மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், மீனும் கோழியும் ஆறு கிலோ. பெரிய மீன் தேவையில்லை. பாசையூர், குருநகர் மீன் துறைகளில் காலையில் நிற்கிற யாரையாவது தெரிந்தால் சூடை, கீரி போன்ற சிறுமீன் மலிவாகக் கிடைக்கும், கோழிக்கடையில் கழுத்தும் இதயமும் கேட்டு வாங்கலாம், ஈரல் கொஞ்சமாகப் போதும். எல்லாமாக எனக்கு 3,700 ரூபாய் முடிகிறது. உங்கள் சந்தை விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள், அளவுதான் முக்கியம். உணவுப் பையில் வாங்கும் உலர் தீன் என்றால் இதே எடை நாய்க்கு ஒரு நாளுக்கு 240 கிராம் போல, மாதம் ஏழு கிலோவுக்கு மேல் போகும், பையின் பின்னால் இருக்கும் அட்டவணையைப் பார்த்து அளந்து போடுங்கள். வீட்டுச் சாப்பாட்டில் கல்சியம் குறைவு, அதை எதனால் நிரப்புவது என்று தடுப்பூசி போடப் போகும் நாளில் மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், குட்டியென்றால் கட்டாயம்.

ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் கிழமை முழுக்கச் சுகம். மீனையும் கோழியையும் உப்பில்லாமல் அவித்து, முள்ளையும் எலும்பையும் எடுத்துவிட்டு (அவித்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்), ஒரு நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் உறையப் போடுகிறேன். சோறு மட்டும் அன்றன்றைக்கு. எங்களுக்கு அவிக்கிற பானையிலேயே அவனுடைய அரிசியையும் சேர்த்துப் போட்டால் போதும், காஸ் செலவு தனியாக இல்லை. ஆனால் கறி வேண்டாம். நம்முடைய மிளகாய்த்தூள் கறியில் வெங்காயம் இல்லாமல் எதுவும் இல்லை, வெங்காயம் நாயின் இரத்தத்தில் இருக்கும் சிவப்பணுக்களை உடைக்கும். மிச்சக் கறியைச் சோற்றில் பிசைந்து வைப்பது மிச்சம் பிடிப்பது போலத் தெரிந்தாலும் அது மிச்சம் இல்லை.

சாப்பாட்டு நேரத்தையும் வேலைக்கேற்ப மாற்றுங்கள். முன்பெல்லாம் காலையில் போகும்போது மத்தியானத்துக்கும் சேர்த்துத் தட்டில் வைத்துவிட்டுப் போவேன். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கே சோறு புளித்து, எறும்பு மொய்த்து, காகம் பாதியைக் கொத்திவிடும், வீமன் வெறும் வயிற்றோடு இருப்பான். இப்போது காலை ஐந்தரைக்கு ஒன்று, இரவு ஏழுக்கு ஒன்று. இடையில் தண்ணீர் மட்டும். அதுவும் பிளாஸ்ரிக் கோப்பையில் வைக்காமல் அடி அகலமான இரண்டு மண்சட்டிகளில், மாமரத்தடியில் ஒன்று, பின் விறாந்தையில் ஒன்று. மண்சட்டி லேசில் கவிழாது, தண்ணீரும் குளிர்ந்திருக்கும். இந்த எடை நாய் சாதாரண நாளிலேயே முக்கால் லீற்றரில் இருந்து ஒரு லீற்றர் வரை குடிக்கும், வெயில் நாளில் அதைவிடக் கூட.

மூன்றாவது வரி, வருடத்துக்கு ஒருமுறையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் வருகிற செலவுகள். இவைதான் சம்பளத்தைக் குழப்புகிறவை, ஏனென்றால் வராத மாதங்களில் மறந்துவிடுவோம். எல்லாவற்றையும் கூட்டி பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டும். என் கணக்கில் பார்வோ முதலான நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி வருடத்துக்கு 4,500, வயிற்றுப் பூச்சி மருந்து நாலு தரத்துக்கு 1,200, உண்ணி மருந்து மாதம் 1,200 வீதம் 14,400. மொத்தம் 20,100, வகுத்தால் மாதம் 1,675.

விசர்நாய்த் தடுப்பூசி வருடத்துக்கு ஒன்று, அதை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. உங்கள் பகுதியில் எந்த நாள், எந்த இடம் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம், அது பெரும்பாலும் வேலைநாளில்தான் வரும், அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். லீவு மிச்சம் இல்லாமல் நோபே என்று சம்பளத்தில் வெட்டுகிற நிலை என்றால், தனியார் மிருக வைத்தியரிடம் சனிக்கிழமை காசு கொடுத்துப் போடுவது உண்மையில் மலிவு. இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எங்கே போட்டாலும் அட்டையைப் பத்திரமாக வைத்து, அதன் படத்தை மத்தியானம் வருகிறவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். வந்து போகிற அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

உண்ணி மருந்து ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். நானும் அதைக் குறைத்துத்தான் பார்த்தேன். போன வருடம் இரண்டு மாதம் மருந்து போடவில்லை, கையால் பிடுங்கினால் போதும் என்று நினைத்தேன். ஒரு வியாழக்கிழமை இரவு வீமன் சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான், வெக்கையாக்கும் என்று விட்டேன். அடுத்த நாள் மத்தியானம் பஸ்ஸும் இல்லாத நேரத்தில் அக்காவின் அழைப்பு: "பிள்ளை, இவன் எழும்புறான் இல்லை. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுறான்." நான் வந்துசேர மூன்றரை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் பல்முரசு வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. ஓட்டோ பிடித்துக் கொண்டுபோய், இரத்தம் சோதித்து, உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி, இரண்டு நாள் சேலைன், பிறகு 28 நாள் டொக்ஸிசைக்ளின் மருந்து. ஓட்டோவும் சேர்த்து 23,000 ரூபாய், மூன்று நாள் லீவு. அக்கா அன்று வந்திராவிட்டால் நான் ஆறு மணிக்குத்தான் பார்த்திருப்பேன். உண்ணிக்குத் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நாய் நக்கி விழுங்கும். காய்ச்சல் என்று பனடோலும் கொடுக்காதீர்கள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நாலாவது வரி வந்தது, வருத்தத்துக்கான காசு. மாதம் 1,500. கையிருப்பு 25,000 வரும்வரை நிறுத்துவதில்லை, எடுத்தால் திரும்ப நிரப்ப வேண்டும். இதைச் சீட்டில் போட வேண்டாம். சீட்டு நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் முறை வரும்போதுதான் கைக்கு வரும், நாய்க்கு வருத்தம் உங்கள் முறை பார்த்து வராது. தனி வங்கிப் புத்தகம், அட்டையோடு, ஞாயிற்றுக்கிழமை இரவிலும் எடுக்கக்கூடிய மாதிரி.

ஆக 4,400, 3,700, 1,675, 1,500. மொத்தம் 11,275 ரூபாய். சாப்பாடு மூன்றில் ஒரு பங்குதான். சம்பளம் வந்த அன்றே இதை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்ட முடிகிறதா என்று, நாய் எடுப்பதற்கு முன் மூன்று மாதம் செய்து பாருங்கள். முடிந்தால் கையில் 33,000 ரூபாய்க்கு மேல் இருக்கும், ஒருமுறைச் செலவுகள் அதற்குள் அடங்கிவிடலாம். முடியாவிட்டால் நாய் வரும்முன்பே தெரிந்துவிட்டது, அதுவும் நல்லது.

ஒருமுறைச் செலவில் வேலிக்குத்தான் முதலிடம். மதில் இருந்தால் கேற்றின் அடி இடைவெளியை மட்டும் பாருங்கள். கிடுகு வேலியோ பனையோலை வேலியோ என்றால் அடியில் இரண்டடி உயரத்துக்குக் கம்பிவலை ஓடவிடுங்கள், ஒரு பொட்டு போதும், நாய் றோட்டில். வேலியைச் சரிசெய்யாமல் பன்னிரண்டு மணித்தியாலம் சங்கிலியில் கட்டி வைப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். அடுத்தது கருத்தடை. பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், பகலில் ஆள் இல்லாத வளவுக்குள் ஊர்க் கடுவன்கள் வராமல் காக்க உங்களால் முடியாது, 63 நாள் போனால் குட்டிகள். ஒரு சத்திரசிகிச்சையின் காசைவிட ஒரு ஈற்றுக் குட்டிகளின் பூச்சி மருந்துக்கும் தடுப்பூசிக்கும் கூடுதலாக முடியும். படுக்கைக்குப் பழைய சாரமும் சாக்கும் போதும், குளிப்பு கிணற்றடியில். மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ நாயைப் பதிவதையும் மறக்க வேண்டாம்.

கொழும்புக்குக் கலியாணம், செத்தவீடு என்று இரவு தங்கப் போகிற நாட்களை வருடத் தொடக்கத்திலேயே எண்ணிப் பாருங்கள். எனக்கு ஆறு ஏழு நாள் வரும், அந்த நாட்களில் அக்காவுக்கு மூன்று மடங்கு. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வீட்டுக்கு வரப்போக ஆட்கள் கூட, கேற் திறந்தபடி கிடக்கும், அப்போது பின்பக்கத்தை அடைத்து வீமனை அங்கே விடுகிறேன். தீபாவளி வெடிக்கு வீமன் நடுங்குவான், அன்று பின்னேரம் நான் எங்கும் போவதில்லை. கிளம்பும்போது குசினிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் மிருக வைத்தியரின் இலக்கம், தெரிந்த ஓட்டோக்காரரின் இலக்கம், அவன் சாப்பிடும் அளவு, கீழே ஒரு கடித உறையில் 5,000 ரூபாய். அக்காவுக்கு அந்தக் கதவின் திறப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்.