லாக்கர் வாங்கும் முன்: எந்தச் சக்கரம் சும்மா சுற்றுகிறது?

புதிதாக ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும்) வண்டி எடுத்தவர்கள் இரண்டாவது மாதமே கேட்கும் கேள்வி, "லாக்கர் போட்டுடலாமா?" லாக்கர் என்பது, ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி பூட்டிவிடும் கருவி. போடலாம். ஆனால் அதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன, அவற்றில் பாதிக்குக் காசே ஆகாது. நம் ஊரில் அதிகம் புழங்கும் மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளை வைத்தே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: மாட்டிக்கொண்டால் வீடியோ எடுங்கள்

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இன்ஜின் உறுமும், வண்டி நகராது, அவ்வளவுதான். கூட வந்தவரைக் கீழே இறக்கி, பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி நின்று போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம், கல் தெறிக்கும்.

நான்கு சக்கரமும் சுற்றிக் குழி பறிக்கிறது என்றால் குறை டயரில், அல்லது அதிலிருக்கும் காற்றில். முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் அதற்கு எதிர்மூலையில் ஒன்றும் மட்டும் சுற்றினால் அது டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் அமைப்பு) விவகாரம். எதுவும் சுற்றாமல் இன்ஜின் திணறி அணைந்தால் நீங்கள் லோ ரேஞ்சுக்கு (வேகம் குறைத்து வலுவைக் கூட்டும் கியர் நிலைக்கு) மாற்ற மறந்திருப்பீர்கள். வண்டியின் அடிவயிறு கல்லில் உட்கார்ந்திருந்தால் உலகத்தில் எந்த லாக்கரும் உதவாது.

படி 2: டிஃபரன்ஷியல் செய்யும் குறும்பு

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காகத்தான் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற டிஃபரன்ஷியல் விடுகிறது. ஆனால் சாதாரண, அதாவது ஓப்பன் டிஃபரன்ஷியல், இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு விசையைத்தான் தரும். இடது சக்கரம் களிமண்ணில் நிற்கிறது, 100 அலகு விசைக்கு மேல் தாங்காமல் வழுக்குகிறது என்று வையுங்கள். வலது சக்கரம் காய்ந்த பாறையில் நின்று 900 தாங்கக் கூடியதாக இருந்தாலும் அதற்கும் 100தான் கிடைக்கும். மொத்தம் 200. இடது சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இரண்டுக்கும் ஏறக்குறைய பூஜ்யம்.

முன், பின் இரண்டும் ஓப்பனாக இருந்தால் இதே கதை இரண்டு முறை நடக்கும். ஃபோர் வீல் டிரைவ் என்று பேர், ஆனால் குறுக்காக இரண்டு சக்கரம் தூக்கிவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த 100, 900 கணக்கை மறக்காதீர்கள், கீழே திரும்பவும் வரும்.

படி 3: முதலில் காற்று, அப்புறம் டயர்

நான் முதன்முதலில் மணலில் இறங்கியபோது டயரில் 32 பிஎஸ்ஐ இருந்தது. அச்சு வரை புதைந்து, ஒரு மணி நேரம் கையால் மணல் அள்ளினேன். அந்தப் பக்கம் வந்த ஒரு பெரியவர் "காத்த எறக்குங்க தம்பி" என்றார். 18க்கு இறக்கியதும் வண்டி தானாக ஏறி வந்தது. காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் படிந்து, தரையை அதிகம் தொடும். மணலுக்கு 15 முதல் 18 வரை. பாறைப் பாதைக்கு அவ்வளவு வேண்டாம், 20க்கு மேலேயே வையுங்கள். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். ஆகவே முதல் செலவு, காற்றளவு மீட்டரும் 12 வோல்ட் கம்ப்ரசரும்.

டயரைப் பொறுத்தவரை, வாரம் முழுக்க ஊருக்குள் ஓட்டி, மாதம் ஒருமுறை காட்டுப்பாதை போகிறவருக்கு ஏடி (ஆல் டெரெய்ன், எல்லாப் பாதைக்குமான) டயரே போதும். பெரிய பட்டன் வைத்த எம்டி (மட் டெரெய்ன்) டயர் சேற்றில் ராஜா. மழை நாளில் நெடுஞ்சாலையில் அவ்வளவு நம்பிக்கை தராது, இரைச்சலும் அதிகம்.

அளவைக் கூட்டும் ஆசை வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் 733.5. கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். எல்லா கியரும் அந்த அளவுக்கு வலு குறைந்ததாகிவிடும், லோ ரேஞ்சும் சேர்த்து. ஆர்சி விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

இதைப் பார்க்காமலேயே காசு செலவழிப்பவர்கள் நிறைய. ஜிம்னியில் பிரேக் மூலம் வேலை செய்யும் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்துவது) இருக்கிறது. 2020 தாரின் சில வகைகளில் பின்பக்கம் தானாகப் பூட்டும் மெக்கானிக்கல் லாக்கர் உண்டு. தார் ராக்ஸ் ஃபோர் பை ஃபோரில் பொத்தானை அழுத்திப் பூட்டும் எலக்ட்ரானிக் லாக்கர். உங்கள் வண்டியின் வகையைக் கையேட்டில் பாருங்கள்.

பிரேக் முறையில், சும்மா சுற்றும் சக்கரத்தை ஏபிஎஸ் சென்சார் கண்டுபிடித்து, அதை மட்டும் பிரேக் பிடிக்கும். வழுக்கும் பக்கம் செயற்கையாகத் தடை கூடுவதால் எதிர்ப்பக்கத்துக்கும் விசை கூடும். ஆனால் அது நடக்க ஓரிரு நொடி ஆகும். புதியவர்கள் சக்கரம் சுற்றியதும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், சரியாக அது பிடிக்கப்போகும் நேரத்தில்! ஆக்சிலரேட்டரை அளவாக, ஒரே சீராக வைத்திருங்கள். மெக்கானிக்கல் லாக்கரும் அப்படியே. இரு சக்கர வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தொட்டால்தான் 'டக்' என்று பூட்டும்.

மூணாறு பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர்கள் அருகில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

படி 5: இனி லாக்கர் கடைக்கு

இவ்வளவுக்குப் பிறகும் வீடியோவில் குறுக்குச் சக்கரங்களே சுற்றினால் வாங்கத் தயாராகுங்கள்.

உள்ளே உராயும் தகடு வைத்த எல்எஸ்டி சாலையில் சாதுவானது. தகடு தேயும், அதற்கென்றே உள்ள எண்ணெய் வேண்டும். ஒரு பட்டறையில் என் நண்பரின் வண்டிக்குச் சாதாரண கியர் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நறநறவென்று நடுங்கியது.

டார்சன் போன்ற கியர் வகை தேயாது. மூன்றுக்கு ஒன்று விகிதம், அதாவது வழுக்கும் சக்கரத்தைப் போல மூன்று மடங்கு விசை மற்றதற்குப் போகும் என்றால், நம் கணக்கில் 100 + 300, மொத்தம் 400. ஆனால் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அப்போது இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டால் கொஞ்சம் தேறும்.

தானியங்கி லாக்கர் விலை குறைவு, பிடிப்பு முழுசு. ஆனால் ஈரச் சாலை வளைவில் திடீரென்று பூட்டி, பின்பக்கத்தை இழுத்துவிடும். தினசரி வண்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

வேண்டும்போது மட்டும் பூட்டும் வகைதான் என் தேர்வு. காற்றில் இயங்குவது, மின்சாரத்தில் இயங்குவது என இரண்டு உண்டு. திறந்திருக்கும்போது சாதாரண டிஃபரன்ஷியல், பூட்டினால் முழு 100 + 900. காற்று வகைக்குக் கம்ப்ரசரும் குழாயும் வேண்டும், அந்தக் குழாய் கல்லில் உரசி ஓட்டையாகலாம். பதிலுக்கு, அதே கம்ப்ரசரில் டயருக்கும் காற்று பிடித்துக்கொள்ளலாம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின்பக்கத்துக்கு வாங்குங்கள். மேடு ஏறும்போது எடை பின்னால்தான் சாயும். முன்பக்கத்தைப் பூட்டினால் ஸ்டியரிங் கல்லாகும், திருப்பி வைத்து அழுத்தினால் சிவி ஜாயிண்ட் (முன்சக்கரம் திரும்பும்போதும் அதற்கு விசை கடத்தும் மூட்டு) போகும்.

படி 6: மாட்டிய பிறகு

பூட்டும் பழக்கம்: தடைக்கு முன்பே நின்று பூட்டுங்கள், சக்கரம் சுற்றும்போது அல்ல. தாண்டியதும் விடுவியுங்கள். தார் ரோட்டில் (வண்டியை அல்ல, ரோட்டைச் சொல்கிறேன்) பூட்டியபடி திரும்பாதீர்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத இந்த வண்டிகளைக் காய்ந்த சாலையில் ஃபோர் வீலில் ஓட்டினாலும் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும்.

தண்ணீரில் இறங்குபவர் என்றால் ஹவுசிங்கின் (டிஃபரன்ஷியல் இருக்கும் கூட்டின்) பிரீதர் குழாயை, அதாவது அது மூச்சுவிடும் குழாயை, உயரமாக நீட்டிவிடுங்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் குளிர்ந்ததும் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஓடையைக் கடந்து வந்த வாரத்தில் ஃபில்லர் நட்டை (எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியை) கழற்றி, எண்ணெயை விரலில் தொட்டுப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.