ஃபோர்மட் பண்ணுவதற்கு முன்: கேமிங் கணினி அடிக்கடி நின்றுபோனால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டின் நடுவில் கணினி நின்றதும் விண்டோஸை ஃபோர்மட் பண்ணக் கொடுப்பதுதான் முதல் தவறு. கோளாறு வன்பொருளில் இருந்தால் அது அப்படியே இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பதிவுகள்தான் அழியும்.

எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். கரண்ட் போனதுபோல சட்டென்று அணைந்தால் பவர் சப்ளை, யூபிஎஸ், சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிழைச் செய்தியோடு விண்டோஸின் நீலத்திரை வந்தால் ராம், டிரைவர், செயலி (புரொசெசர்). திரை கறுத்துச் சத்தம் மட்டும் ஓடினால் கிரஃபிக்ஸ் கார்ட். ஒரேயொரு கேம் மட்டும் மூடப்பட்டால் ஸ்டீமில் அதன் கோப்புகளைச் சரிபார்த்தாலே பல தடவை போதும். நீலத்திரை வாசிக்க முதல் மறைகிறதா? விண்டோஸின் 'ஸ்டார்ட்டப் அன்ட் ரிக்கவரி' அமைப்பில் தானாக மறுதொடக்கம் ஆவதை நிறுத்தி வையுங்கள். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் இவென்ட் வியூவரில் 'கேர்னல் பவர் 41' என்று கண்டு உடனே புது பவர் சப்ளை வாங்குகிறவர்கள் உண்டு. விண்டோஸ் முறையாக மூடப்படவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, ஏன் என்பதை அல்ல.

யாழ்ப்பாணத்து வீடுகளில் அதிகம் ஏமாற்றுவது யூபிஎஸ். 650 விஏ என்று பெட்டியில் இருந்தாலும் பெரும்பாலும் 360 முதல் 390 வாற்றுக்கு மேல் தாங்காது. கேம் ஓடும்போது கணினியும் மொனிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டலாம். மின்னழுத்தம் ஒரு கணம் இறங்க யூபிஎஸ் பற்றறிக்கு மாறும்; சுமை கூடியதால் எல்லாம் அணையும். வீட்டு லைட் மினுங்கியதுகூடத் தெரியாது, பழி கணினிக்கு. உள்ளே இருக்கும் 12 வோல்ட் பற்றறியும் நமது வெக்கையில் இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். யூபிஎஸ்ஸைக் கழற்றி, மல்ரி பிளக்கும் இல்லாமல், நேரே சுவர் பிளக்கில் ஒரு மணித்தியாலம் விளையாடிப் பாருங்கள். கேஸைத் தொடும்போது சுள்ளென்றால் ஏர்த் இல்லை. மின்வேலை தெரிந்தவரை அழைத்த பிறகே மற்ற வேலை.

கிரஃபிக்ஸ் கார்ட்டின் 8 பின் இணைப்பு ஒன்று 150 வாற்றுக்கு உரியது. இரண்டு இணைப்புக் கேட்கும் பெரிய கார்ட்டுக்கு ஒரே கேபிளின் இரட்டைத் தலையைக் கொடுக்காமல் தனித்தனிக் கேபிள் போடுங்கள். பழைய பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கேபிளைப் புதியதில் ஒருபோதும் செருகாதீர்கள். தலை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க், மதர்போர்ட் எல்லாம் கருகிவிடலாம்.

சூட்டைப் பொறுத்தவரை, 24 பாகை அறையில் 80 காட்டும் செயலி நமது 34 பாகை மத்தியான அறையில் ஏறத்தாழ 90 காட்டும். ஆனால் சூடான செயலி முதலில் வேகத்தைக் குறைக்கும், கேம் இழுபடும், பிறகுதான் அணையும். இழுபடாமலே அணைந்தால் மின்பக்கத்தைத்தான் நாங்கள் முதலில் சந்தேகிப்போம். சோளகம் வீசும் மாதங்களில் தூசுவலையை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். புளோவர் பிடிக்கும்போது மின்விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடலாம்.

ராம் விளம்பர வேகத்தில் ஓடுவது எக்ஸ்எம்பி அமைப்பால். அது ஒருவகை ஓவர்குளொக், அதாவது வழமையான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸில் அதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் விளையாடுங்கள். அப்படியும் நீலத்திரை வந்தால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அதிகம். அப்போது ஒவ்வொரு ராமாகத் தனியே போட்டுச் சோதியுங்கள். டிரைவர், ராம், பவர் சப்ளை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே காசு போய்விடும்.

இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலி வைத்திருப்போர், அதிலும் ஐ7, ஐ9 காரர், பயோஸ் அப்டேட்டைப் பிற்போடக் கூடாது. அளவுக்கு மீறிய வோல்டேஜால் அவை பழுதாவதைத் தடுக்கும் திருத்தங்கள் 2024 ஆகஸ்டிலிருந்து வந்தன. கிரஃபிக்ஸ் மெமரி தாராளமாக இருந்தும் 'அவுட் ஒஃப் வீடியோ மெமரி' என்று கேம் மூடுவது இதன் அறிகுறியாக இருக்கலாம். ஏற்கெனவே பழுதான செயலியை பயோஸ் திருத்தாது. இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறது, பில்லைத் தேடி எடுங்கள். பயோஸ் மாற்றும்போது நல்ல பற்றறியுள்ள யூபிஎஸ் இருக்க வேண்டும். மழை இடி நாளில் அந்த வேலையைத் தொடாதீர்கள்.