வான்சண்டை விளையாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தப்பியவனோடு சேர்ந்து திரும்பாதீர்கள்

எங்கள் ஸ்க்வாடில் புதிதாகச் சேர்கிறவர்களின் ரீப்ளேக்களை உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் வார் தண்டர் என்ற போர் விளையாட்டில், எளிதான ஆர்கேடை விட்டு, நிஜத்துக்கு நெருக்கமான ரியலிஸ்டிக் மோடுக்கு அப்போதுதான் வந்தவர்கள். கைவேகமும் கண்கூர்மையும் என்னைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் பழைய ஆட்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். சக்கரத்தை மடக்க மறப்பது, டைவ் அடித்துத் தரையில் மோதுவது போன்றவற்றை விளையாட்டே கற்றுக்கொடுத்துவிடும். அது கற்றுக்கொடுக்காதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எட்டத்திலிருந்து சுடுவது

எங்கே குறிவைக்க வேண்டும் என்று ஆர்கேடில் வட்டம் போட்டுக் காட்டிவிடும். அந்தப் பழக்கத்தில் 800 மீட்டரிலேயே சுட ஆரம்பிக்கிறார்கள். பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரின் ஆரம்பகால வகையில் எட்டுத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டாக்கள். விரலை எடுக்காமல் சுட்டால் கால் நிமிடத்தில் எல்லாம் காலி. 1940-இல் பிரிட்டிஷ் விமானிகள், இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுகள் ஒன்றுசேரும் தூரத்தை 400 கெஜத்திலிருந்து 250 கெஜத்துக்குக் குறைத்துக்கொண்டார்கள். அதாவது சுமார் 230 மீட்டர். விளையாட்டிலும் இந்தத் தூரத்தை மாற்றிக்கொள்ளலாம். 300 மீட்டருக்குள் வைத்துவிட்டு, அந்த நெருக்கம் வரும்வரை பொறுத்திருங்கள். எதிரியின் விமானம் திரையில் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும்.

நேருக்கு நேர் மோதப் போவது

வேண்டாம். அவனை வீழ்த்தினாலும் உங்கள் இன்ஜின் தப்பாது.

தப்பிய எதிரியோடு சேர்ந்து திரும்புவது

இதைப் பார்த்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் பி-47 என்ற கனமான அமெரிக்கச் சண்டை விமானத்தை எடுத்திருந்தார். பொறுமையாக 4,500 மீட்டர் வரை ஏறினார். கீழே 3,000 மீட்டரில் தனியாக ஒரு ஜீரோ, ஜப்பானியச் சண்டை விமானம். வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக டைவ் அடித்தார். வேகம் 600 கிலோமீட்டரைத் தாண்டியது. கடைசி நொடியில் ஜீரோ இடப்பக்கம் வெட்டித் திரும்ப, குண்டுகள் அதற்கு வெளியே போயின. அதுவரை அவர் செய்த எதிலும் நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த நொடியில் ஸ்டிக்கை முழுக்க இழுத்து அதன் பின்னாலேயே திரும்பினார். வேகம் 450, 350, 280 என்று இறங்கிக்கொண்டே போனது. இரண்டாவது சுற்று முடிவதற்குள் ஜீரோ அவர் வாலில் இருந்தது. “இன்னும் ஒரு செகண்டு கிடைச்சிருந்தா அடிச்சிருப்பேண்ணே” என்றார். பிறகு, “இந்த பி-47 சரியில்லண்ணே, திரும்பவே மாட்டேங்குது” என்றார்.

விமானத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு நொடி கிடைக்கவே கிடைக்காது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. போர்க்கோலத்தில் பி-47-இன் எடை 6 டன்னுக்கு மேல். ஜீரோ சுமார் 2.4 டன். எடை இரண்டரை மடங்கு, இறக்கையின் பரப்போ கால்பங்குதான் கூடுதல். திரும்பும் போட்டியில் பி-47 ஜெயிக்க வழியே இல்லை. அதோடு, இறுக்கித் திரும்பும்போது இறக்கை உண்டாக்கும் தூக்குவிசைக்கு விலையாக வரும் இழுவை, ஜி-யின் (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை என்ற அளவின்) வர்க்கமாகக் கூடும். அதே வேகத்தில் நேராகப் பறக்கும்போது இருப்பதைப் போல, 6 ஜி திருப்பத்தில் 36 மடங்கு. வேகம் அங்கேதான் கரைகிறது.

கரைந்த வேகத்தின் மதிப்பையும் பாருங்கள். காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 600 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கைத் தூக்கினால் சுமார் 1,400 மீட்டர் மேலே போகலாம். 300-இல் தூக்கினால் 350 மீட்டர்தான். வேகம் பாதியானால் கையில் இருக்கும் உயரம் கால்பங்காகிவிடும். இத்தனை நேரம் ஏறிச் சேர்த்ததை அந்தத் தம்பி இரண்டு சுற்றில் செலவழித்துவிட்டார்.

புதியவர்கள் மட்டும் செய்யும் தவறும் அல்ல இது. நீல் கியர்பி என்ற அமெரிக்க விமானி, நியூகினியில் இதே பி-47-ஐ வைத்து 22 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் வரவு வைக்கப்பட்டவர். மேலிருந்து வேகமாக இறங்கி ஒரு தாக்குதல், அதே வேகத்தில் விலகிப் போவது என்பதுதான் அவருடைய முறை. 1943 அக்டோபரில் நியூகினியின் வெவாக் மேல் அப்படிச் சண்டையிட்டுத்தான் அமெரிக்காவின் உயரிய ராணுவப் பதக்கத்தைப் பெற்றார். 1944 மார்ச் 5-ஆம் தேதி ஒரு ஜப்பானியக் குண்டுவீச்சு விமானத்தைச் சுட்டவர், விலகிப் போகாமல் அதையே மறுபடி தாக்க முழு வட்டம் அடித்துத் திரும்பினார். அதற்குள் கி-43 என்ற ஜப்பானியச் சண்டை விமானம் ஒன்று நெருங்கிச் சுட்டுவிட்டது. அவர் உயிரோடு திரும்பவில்லை. நமக்கு அடுத்த ஆட்டம் இருக்கிறது, அவருக்கு இல்லை. இதைப் படித்த பிறகும் இன்னொரு சுற்று அடிக்க ஒருவருக்குக் கை போகிறது என்றால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, என்னதான் செய்வது? குறி தப்பியதும் ஸ்டிக்கைத் தளர்த்துங்கள். த்ராட்டிலைக் குறைக்காமல் நேராகப் போங்கள். உடனே செங்குத்தாகத் தூக்க வேண்டாம். சாய்வாக ஏறிக்கொண்டே பின்னால் பாருங்கள். எதிரி உங்களிடமிருந்து தப்ப வெட்டித் திரும்பியதில் அவனுடைய வேகமும் போயிருக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய், உயரம் திரும்பக் கிடைத்ததும் மறுபடி வாருங்கள். ஒவ்வொரு முறை விலகும்போதும் அவன் மெதுவாகிக்கொண்டே வருவான். இரண்டாவது, மூன்றாவது பாய்ச்சலில் வெட்டித் திரும்பவும் அவனிடம் வேகம் இருக்காது. நான் புதியவர்களுக்கு வைக்கும் அளவு இது: சுடுவதற்கு மூக்கை 30 டிகிரிக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். கில் வராமல் ஆட்டம் முடிந்தாலும் பரவாயில்லை.

முன்னால் மட்டும் பார்ப்பது

எதிரி கிடைத்ததும் திரையை ஜூம் செய்து, அந்த விசையை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், சுற்றியிருக்கும் வானமே மறைந்துவிடும். ஜூம் என்பது சுடும் அந்த ஒன்றிரண்டு நொடிக்கு மட்டும். டைவ் தொடங்கும் முன் ஒருமுறை பின்னால், சுட்டு முடித்ததும் ஒருமுறை பின்னால். விரல் தானாகப் போகும்வரை பழகுங்கள்.

எல்லா விமானத்தையும் ஒரே மாதிரி ஓட்டுவது

1942 ஜூனில் அலாஸ்காவைச் சேர்ந்த அகுடான் தீவின் சதுப்பில் ஒரு ஜீரோ தலைகுப்புற விழுந்தது. அமெரிக்கர்கள் அதை எடுத்துப் பழுதுபார்த்து, அதே செப்டம்பரில் சான் டியாகோவில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சுமார் 370 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விமானத்தை உருட்டும் இறக்கைத் திருப்பிகள் இறுகிவிடுகின்றன. வலப்பக்கம் உருள்வது இடப்பக்கத்தைவிடக் கடினம். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எரிபொருள் சரியாக வராமல் இன்ஜின் திணறுகிறது. எதிராளியின் பலவீனம் தெரிந்த பிறகு விமானிகளுக்குச் சொன்ன வழி எளிமையானது: ஜீரோ வாலில் வந்தால், மூக்கைத் தள்ளி டைவ் அடித்து, வேகம் ஏறியதும் வலப்பக்கம் உருண்டு போ.

ஆரம்பகால ஸ்பிட்ஃபயருக்கும் அதே இன்ஜின் சிக்கல் உண்டு. நேரடி எரிபொருள் செலுத்தல் உள்ள ஜெர்மன் சண்டை விமானம் பிஎஃப் 109-க்கு அது இல்லை. அதனால்தான் அது மூக்கைத் தள்ளித் தப்பிப் போனது. புது விமானம் கிடைத்ததும் நேராக ஆட்டத்துக்குப் போகாமல், டெஸ்ட் ஃப்ளைட்டில் 300, 450, 600 என்று ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு பக்கமும் உருட்டிப் பாருங்கள். எந்த வேகத்தில் ஸ்டிக் இறுகுகிறது என்று ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

எதிரியின் தளம்வரை துரத்திப் போவது

விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் அங்கே காத்திருக்கின்றன. திரும்பி வாருங்கள்.