புது நாணயத்தைத் தனியே மடித்து வையுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியின் பங்களாதேஷ் சந்தையில் கீரை வாங்கி, மீதிச் சில்லறையில் மண்டேலா உருவம் பொறித்த பளபளக்கும் 5 ராண்ட் நாணயம் வந்தால், மற்றக் காசுகளோடு போடாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் தனியே மடித்து வையுங்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

நாணயத்தைக் கீறுவது பெரும்பாலும் பக்கத்து நாணயம்தான். பையோ உண்டியலோ குலுங்கும்போதெல்லாம் கன்னம், தலைமுடி போன்ற மேடான இடங்கள் முதலில் மழுங்குகின்றன. சமதளத்தில் மயிரிழைக் கோடுகள் விழுகின்றன. கறுத்துவிட்டதே என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தின் மேற்பரப்பையோ அது அரித்துவிடும். விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: கைபடாத நாணயத்தில் ஒளி சக்கரம்போல் சுற்றி வரும், தேய்த்ததில் அப்படிச் சுற்றாது.

ஏற்கெனவே தேய்ந்த காசுக்கு இந்தப் பாதுகாப்பெல்லாம் வீண். 2008இல் மண்டேலாவின் 90ஆம் பிறந்தநாளுக்கு வெளியான 5 ராண்ட் ஏராளமாகப் புழங்கியது. கைமாறிக் கைமாறி மங்கிய ஒன்றுக்குப் பெருவிலை கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாமல், அதைக் கொடுத்து ஒரு சமோசா வாங்கிச் சாப்பிடுங்கள்.