ஜியோகேச்சிங்: டப்பா கிடைத்துவிட்டது, இனி லாக் எழுதுவது எப்படி?

ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் எண்களை வைத்து மற்றவர்கள் தேடிப் பிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், பீவர்க்ரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒளித்து வைத்தார். அது இருக்குமிடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போட்டார். வாளிக்குள் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன. சில நாட்களிலேயே மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டு இணையத்தில் வந்து சொன்னார். ஜியோகேச்சிங்கில் இன்றும் அதே இரண்டு வேலைகள்தான்: அங்கே நோட்டில் பெயர், இங்கே இணையத்தில் லாக், அதாவது தேடியது என்ன ஆயிற்று என்று சொல்லும் பதிவு. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவதில்.

படி 1: காகிதத்தில் பெயர்

உங்கள் பயனர்பெயரையும் தேதியையும் எழுதுங்கள். பேனா டப்பாவுக்குள் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நானோ என்பது விரல்நுனி அளவே உள்ள டப்பா. அதன் காகிதச் சுருளில் பெயரின் முதலெழுத்துகளும் தேதியும் போதும். காகிதத்தில் உங்கள் பெயர் இல்லாவிட்டால், மறைத்தவர் உங்கள் இணைய லாக்கை அழித்துவிடலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு. காகிதம் நனைந்து கூழாகியிருந்தால் அதைப் படம் எடுத்து அவருக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் முடிவு.

படி 2: எந்த வகை லாக்?

பெயர் எழுதினால் 'ஃபவுண்ட் இட்' (கண்டுபிடித்தேன்). டப்பா மரத்தின் மேலே தெரிகிறது, ஏற முடியவில்லை என்றால் அது கண்டுபிடித்த கணக்கில் வராது.

தேடியும் கிடைக்கவில்லையா? 'டிட்ன்ட் ஃபைண்ட் இட்' (கிடைக்கவில்லை) போடுங்கள். ஆட்கள் இதைச் சுருக்கமாக டிஎன்எஃப் என்பார்கள். தோற்றதை ஊருக்குச் சொல்வானேன் என்று பலர் இதைப் போடாமலே விடுகிறார்கள். விளைவு என்ன? டப்பா என்றோ காணாமல் போயிருக்கும். அதன் இணையப் பக்கத்தில் கடைசியாகத் தெரிவதோ ஆறு மாதத்துக்கு முந்தைய மகிழ்ச்சியான லாக். அதை நம்பி அடுத்தவரும் பெட்ரோல் செலவழித்துப் போவார். வரிசையாக நான்கு டிஎன்எஃப் விழுந்தால்தான் மறைத்தவர் கிளம்பிப் போய்ப் பார்ப்பார். எவ்வளவு நேரம் தேடினீர்கள், எந்தப் பக்கம் தேடினீர்கள் என்றும் எழுதுங்கள். 'இரண்டு பேர், முப்பது நிமிடம், மதில் முழுவதும் பார்த்தோம்' என்பதற்கும் 'மழை, ஐந்து நிமிடத்தில் திரும்பினேன்' என்பதற்கும் மறைத்தவர் எடுக்கும் அர்த்தம் வேறு.

பிறகு ஒரு நாள் கிடைத்தால் பழைய டிஎன்எஃப்பைத் திருத்தாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும். புதிதாக ஒரு லாக் போடுங்கள்.

படி 3: தேதி

ஒரே நாளில் பத்து டப்பா எடுத்துவிட்டு மறுநாள் உட்கார்ந்து எழுதினால், தேதிக் கட்டத்தில் மறுநாள் வந்து நிற்கும். கண்டெடுத்த நாளுக்கு மாற்றுங்கள். அந்த இடத்திலேயே ஆப்பில் 'டிராஃப்ட்' ஆகச் சேமித்துவிட்டு, வீட்டில் நிதானமாக எழுதுவது இன்னும் நல்லது.

படி 4: என்ன எழுதுவது

'டிஎஃப்டிசி', அதாவது 'கேச்சுக்கு (மறைத்த டப்பாவுக்கு) நன்றி' என்ற ஆங்கில நான்கெழுத்தோடு முடிப்பவர்கள் ஏராளம். தெருவிளக்குக் கம்பத்தில் ஒட்டிய டப்பாவுக்கு அது போதும் என்று வாதிடலாம். மலையேற்றி நல்ல காட்சியைக் காட்டியவருக்கு அது போதாது. ஒவ்வொரு லாக்கும் மறைத்தவருக்கு மின்னஞ்சலாகப் போகிறது. அவருக்கு இதில் கிடைக்கும் கூலியே அதுதான். ஒரே பத்தியை முப்பது டப்பாவுக்கும் ஒட்டினால், முப்பதும் ஒரே ஆளுடையது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மூன்று நான்கு வாக்கியம் போதும். மாதிரிக்கு: 'காலை ஏழு மணிக்கு வந்தோம், ஆள் நடமாட்டம் இல்லை. ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டியது, குறிப்பு உதவியது. டப்பா உலர்ந்திருக்கிறது, நோட்டில் இன்னும் இடம் உண்டு. ஏரிக்கரைப் பாதைக்கு நன்றி.'

எழுதக் கூடாதவை: டப்பா எந்தக் கல்லுக்குக் கீழே, எப்படித் திறப்பது, மறைவிடம் தெரியும் படம், புதிர் கேச்சின் (புதிரை விடுவித்தால்தான் இடம் தெரியும் வகை) விடையோ இறுதி ஜிபிஎஸ் எண்களோ. எர்த்கேச் வகையில் டப்பாவே கிடையாது; நிலவியல் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில்களைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், லாக்கில் போடாதீர்கள். குளவிக்கூடு, வழுக்கும் பாறை போன்ற ஆபத்தை மட்டும் வெளிப்படையாகவே எழுதுங்கள்.

படி 5: டிராவல் பக்

உள்ளே எண் பொறித்த உலோகத் தகடு இருந்தால் அது டிராவல் பக், டப்பா விட்டு டப்பா பயணம் போகும் பொருள். எடுத்தால் எடுத்ததாகவும், வேறு டப்பாவில் வைத்தால் வைத்ததாகவும் பதிவு செய்ய வேண்டும். அதன் கண்காணிப்பு எண்ணை லாக்கிலோ படத்திலோ காட்டக் கூடாது. காட்டினால் பொருளைக் கண்ணால் பார்க்காதவர்களும் பார்த்ததாகப் பதிவார்கள்.

படி 6: பழுது

மூடி உடைந்திருந்தால் 'ஓனர் அட்டென்ஷன்' (மறைத்தவர் வந்து கவனிக்கச் சொல்லும் லாக்) கேளுங்கள். என்ன பழுது என்று ஒரு வரி சேருங்கள். காணாத டப்பாவுக்குப் பதிலாகக் கையிலிருக்கும் ஃபிலிம் டப்பியை வைத்துவிட்டு 'ஃபவுண்ட்' போடுவது தப்பு. பழையது இரண்டடி தள்ளி இருந்திருக்கலாம். பிறகு அங்கே இரண்டு டப்பா, இரண்டு நோட்டு.

லாக்கைப் பிறகு திருத்தலாம். ஆனால் மறைத்தவருக்கு மின்னஞ்சல் போவது முதலில் பதியும்போதுதான். அதனால் உடைந்த மூடி, நனைந்த நோட்டு போன்ற செய்திகளை முதல் தடவையே எழுதிவிடுங்கள்.